அழிக்கச் சொன்ன பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம் நடந்தது. கொடைக்கானலுக்கு மேலே பூண்டியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக செல்போன் கடை வைத்திருக்கிறேன். காய்கறி வண்டி டிரைவர்களுக்குப் பென்டிரைவில் பாட்டும் ஏற்றிக் கொடுப்பேன். முதலில் முருகன் பாட்டு, அப்புறம் சினிமாப் பாட்டு, கண் சொருகாமல் இருக்கக் கடைசியில் டிஜே. ஆளுக்கொரு கலவை.

அன்று காலை, பழனியிலிருந்து பூண்டு வாங்க வந்ததாகச் சொல்லி ஒருவர் கடை முன்னால் நின்றார். ஏதோ ஒரு வண்டியில் கேட்ட பழைய முருகன் பாட்டின் முதல் வரியைச் சொன்னார். "இது நீங்க ஏத்துனதாம்ல? எங்கருந்து எடுத்தீங்க? யாருக்கெல்லாம் குடுத்தீங்க?" கையில் ஒரு நோட்டு வேறு. பூண்டு வாங்க வந்தவருக்கு நோட்டு எதற்கு? பாட்டுக் கம்பெனி ஆள், திருட்டுக் காப்பி பிடிக்க வந்திருக்கிறார் என்றே முடிவு செய்தேன். வெளியாட்களிடம் பேசவே கூச்சப்படுகிறவள் நான். அப்படிப் பாட்டே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர் டீக்கடையில் நின்று ரொம்ப நேரம் என் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பாட்டை அழித்தேன். டிரைவர்களையும் அழிக்கச் சொன்னேன். பக்கத்து ஊரான கிளாவரையின் டிரைவர் ஒருவர் மட்டும் சிரித்தார். "கேஸ் வந்தா சொல்லுக்கா, கோர்ட்டுக்கு நானே ஏத்திட்டுப் போறேன். என்ன, கோசு மூட்டை மேல ஒக்காந்து வரணும்."

மறுநாள் அந்தப் பழனிக்காரர் மறுபடியும் வந்தார். கூட, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிய ஒரு அம்மா.

"என் தங்கச்சிங்க. அந்தப் பாட்டு இவ பாடுனது. ஒரே ஒரு கேசட்டுல பாடுனா, எங்ககிட்ட இருந்தது கெட்டுப்போச்சு. தொண்டையில ஆபரேஷன் ஆகி இப்பப் பேச்சே இல்ல. இவ பிள்ளைங்க இவ குரலையே மறந்துருவாங்க போல."

நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாகப் பாட்டுக் கடைகளின் பெயர். எல்லாவற்றின் மேலும் ஒரு கோடு.

அந்த நேரம் கிளாவரை வண்டி கிளம்புவதைப் பார்த்தேன். ஓடிப்போய் ரோட்டில் மறித்தேன். பாட்டை அழித்தாரா என்று கேட்டதும் டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதக்கா. அதைப் போடாம நான் மலை எறங்குனதே இல்ல."

அந்த அம்மாவை வண்டியில் ஏற்றிப் பாட்டைப் போட்டார். அந்த அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு தன் பாட்டுக்குத் தானே வாயசைத்தார், ஒரு வார்த்தை தப்பாமல். நேற்று பொய் சொன்னதை அப்போதுதான் என்னால் அந்த அண்ணனிடம் ஒத்துக்கொள்ள முடிந்தது.

இன்றைக்கும் யாராவது துருவிக் கேட்டால் எனக்குப் பயம்தான் முதலில் வருகிறது. ஆனால் எதுக்குக் கேக்குறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அன்று என் பேச்சைக் கேட்காத ஒரு டிரைவரால்தான் அந்த அம்மாவின் குரல் மிஞ்சியது.