பார்ப்பதற்கு முன்பே எழுதிய வரி

முதலில் அந்த ஒரு வரியை அழிப்பார். கர்ப்பிணிப் பெண் இன்னும் கட்டிலில் ஏறியிருக்கக்கூட மாட்டாள். கணினியில் அவள் பெயரில் திறக்கும் ஸ்கேன் அறிக்கையில் ‘சிசுவின் இதயம் இயல்பாக உள்ளது’ என்று தயாராக உட்கார்ந்திருக்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நிர்வாகம் செய்த ஏற்பாடு. அதை அழித்த பிறகுதான் ஜெல் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் சூடாக்குவார்.

மகப்பேறு மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் இவருக்கு ‘நடையக்கா’ என்று பெயர். வயிற்றுக்குள் குழந்தை முதுகைக் காட்டி இதயத்தை மறைத்தால், “எந்திரிம்மா, வராந்தால நாலு நடை நடந்துட்டு வா. உம் புள்ளைக்கு இன்னிக்கு எம்மேல கோவம்” என்பார். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்பது அங்கே சட்டம். கோலிக்குண்டு அளவு இதயம், அதில் நாலு அறை, புறப்படும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள், எல்லாம் அதற்குள் தரிசனம் தந்துவிட வேண்டுமாம். என்ன அநியாயம் இது.

இவரும் ஒரு காலத்தில் அந்த வரியை அப்படியே விட்டவர்தான். ஏழு வருஷம் ஆகிறது. வெளியே கூட்டம், உள்ளே குழந்தை குப்புற; இதயத்தைப் பார்க்காமலே அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். பிறந்த இரண்டாம் நாள் அது நீலம் பாரித்தது. இதய சிகிச்சை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. அந்தத் தாய் சண்டை போடவில்லை. அறிக்கையை நீட்டி, “நல்லா இருக்குன்னுதானேக்கா எழுதிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

நேற்று ஒரு பெண்ணை மூன்றாவது முறை நடக்க அனுப்பியபோது மேலாளர் எட்டிப் பார்த்தார்.

“இருபது பேர் காத்திருக்காங்க. அந்த வரியப் போட்டு அனுப்புங்க.”

“பாக்காதத பாத்தேன்னு எழுதவா? நீங்க கையெழுத்துப் போடுறீங்களா சார்?”

முணுமுணுத்துக்கொண்டே போனார். பெண் வந்து படுத்தாள். குழந்தை மனமிரங்கிப் புரண்டிருந்தது. ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டிய இரண்டு குழாய்களும் தண்டவாளம்போல இணையாக ஓடின. அன்று தப்பவிட்ட அதே கோளாறு. இப்போதே தெரிந்ததால், பிரசவத்தையே இதய மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் வைத்துப் பிழைக்கவைக்க வழியுண்டு.

“என்னக்கா, ரொம்ப நேரமா பாக்குறீங்க?”

“பாக்க வேண்டியிருக்கும்மா. இன்னொரு தடவை நல்லா பாத்துட்டு, ஒண்ணு விடாம உங்கிட்ட சொல்றேன்.”

கதவு மறுபடி திறந்தது. “முடிஞ்சுதா?” என்றார் மேலாளர்.

நடையக்கா எழுந்துபோய் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பி வந்து, ஜெல் குப்பியை மறுபடி உள்ளங்கைகளில் உருட்டத் தொடங்கினார்.