போன் சொல்லாத பச்சை

சோற்றில் மயிர் கிடப்பதாக நினைத்து எடுக்கப் போனேன். விரலில் எதுவும் வரவில்லை. கண்ணை அசைத்தால் அந்தக் கறுப்பு நூலும் கூடவே அசைந்தது.

நீரிழிவால் வந்த விழித்திரை நோய் (கண்ணின் உட்புறத்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிவது) என்றார்கள். இடக்கண் அதற்குள் போய்விட்டது. வலக்கண்ணில் ஆட்களின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. அதையாவது காப்பாற்ற லேசர் (ஒளிக்கதிரால் சுட்டுக் கசிவைத் தடுப்பது) செய்ய வேண்டும்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் இணையத்தளம் வழியாகத்தான் நாள் எடுக்கலாம். எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதியைக் கனடாவிலிருந்து வந்திருந்த மகன் என் போனில் போட்டுத் தந்திருந்தான். நான் யாரிடமும் உதவி கேட்கக் கூசுகிறவள். நானே செய்யலாம் என்பது ஆறுதலாக இருந்தது.

செவ்வாயில் வைத்தியம் தொடங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து அழுத்தினேன். போன் திகதியைச் சொன்னது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வெள்ளி கணவரோடு போனேன்.

"அன்ரி, உங்கடை பேர் இல்லையே," என்றாள் பதிவு மேசையில் இருந்த பிள்ளை.

"நான் அமத்தினனான், பிள்ளை."

"சிவப்பை அமத்தியிருப்பியள். சிவப்பெண்டா நிரம்பினது. சனமெல்லாம் வெள்ளிதான் கேக்குது. செவ்வாய் பச்சையாக் கிடந்தது."

"போன் நிறம் சொல்லேல்லை."

பதிவாகவில்லை என்ற அறிவித்தலும் படமாகத்தான் வந்ததாம். படத்தைப் போன் வாசிக்காது. அவள் வேறொரு நாள் குறித்துத் தந்தாள்.

திரும்பி வந்து எங்கள் ஊர் மருதனார்மடத்தில் பஸ்ஸால் இறங்கும்போது கணவர் சொன்னார்: "உந்தப் போனையும் கண் டொக்டரிட்டைக் காட்டோணும்." சிரித்துவிட்டேன்.

குறித்த நாள் வருமுன், ஒரு காலை முகம் கழுவும்போது வலக்கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பரவியது. முதலில் சிவப்பு, பிறகு இருட்டு. சத்திரசிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை.

"அண்டைக்கே லேசர் பிடிச்சிருந்தா?" என்று கணவர் கேட்டார்.

"தப்பியிருக்கலாம். நிச்சயமாச் சொல்லேலாது, ஐயா," என்றார் டொக்டர்.

இணையத்தளம் செய்கிற பிள்ளைகளே, நிறத்தோடு 'இடம் உண்டு', 'இடம் இல்லை' என்று எழுத்திலும் வையுங்கள். என்னைப் போன்றவர்களே, நாள் பதிவானதா என்று மருத்துவமனைக்கு ஒரு தரம் அழைத்தும் கேளுங்கள். கூச வேண்டாம்.

இப்போது காலையை முகத்தில் படும் வெயிலால் அறிகிறேன். கறிக்கு உப்பு எவ்வளவு என்று விரல்களுக்குத் தெரியும். கிழமையை மட்டும் போனிடம் கேட்கிறேன். அது செவ்வாய் என்று சொன்னால், கொஞ்ச நேரம் எழும்பாமல் இருக்கிறேன்.