தேய்க்கக்கூடாத தகடுகள்

என் தங்கை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு சோதனைத் தொட்டி அவள் பொறுப்பு. தொட்டிக்குள் ஆறு கரித்தகடுகள். அவற்றின் மேல் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வழவழவென்று அப்பிக்கொண்டு கழிவைத் தின்கின்றன. ஒரு டார்ச் செல்லில் பாதி அளவு மின்சாரம் கொடுத்தால் இன்னும் மும்முரமாகத் தின்னும். நான் அதிகம் படிக்காதவன். இதை அவளிடம் நான்கு முறை கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

"ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலண்ணா" என்று ஒருநாள் வருத்தத்தோடு வந்தாள்.

"யாரு, உன் புருஷனா?" என்றாள் என் மனைவி.

"அவருக்கென்ன அண்ணி, வெளுத்துக் கட்டுறாரு. நான் தொட்டியில இருக்கறதுங்களச் சொன்னேன்."

அதிகாரி சோதனைக்கு வரப் பதினான்கு நாள் இருந்தது. வெளியேறும் தண்ணீரில் கழிவின் அளவு நூறைத் தாண்டினால் தொட்டியைக் கழற்றிவிடுவார்கள். தங்கை மறுபடி கம்பிவலையில் சிக்கும் குப்பையை வாரப் போகவேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவள் ஒருநாள் விடுப்பு எடுத்தாள். மேற்பார்வையாளர் சும்மா இருப்பாரா? மறுநாள் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"பாரும்மா, எவ்ளோ பாசி! உரசி உரசி எடுத்துட்டேன்."

"சார், இங்க வேலை பாக்கறதே அந்தப் பாசிதான் சார்!"

"அய்யய்யோ! கை வலிச்சதால ஒண்ணை மட்டும் விட்டுட்டேனே. அது பத்தாதா?"

அந்த ஒன்றை நடுவில் வைத்து, அதிலிருந்து பரவட்டும் என்று மற்ற ஐந்தையும் அதை ஒட்டி நிறுத்தினாள் தங்கை. மணிக்கொரு தரம், அவை தின்னும் வேகத்தைக் காட்டும் மின்மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினாள். முள் மூன்று நாள் அசையவில்லை. மேற்பார்வையாளர் தினமும் வந்து, ஆஸ்பத்திரியில் விசாரிப்பதுபோல், "இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டுப் போனார். ஐந்தாம் நாள் முள் லேசாக ஏறியது. பதினோராம் நாள், அவை நன்றாகத் தின்ற காலத்து இடத்தை எட்டியது.

அதிகாரி வந்த அன்று பிற்பகல் மூன்று இருபதுக்குப் போன் வந்தது.

"அண்ணா, தொண்ணூத்தாறு! தொட்டி தப்பிச்சிடுச்சு!"

"தொண்ணூத்தாறா!" என்று கத்தினேன். மனைவி போனைப் பிடுங்கினாள். "நூத்துக்கா? அம்மாடி!"

"அண்ணி, இதுல கம்மியா வாங்கினாத்தான் நல்லது."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ உங்கண்ணன் கணக்குல வாங்கினதெல்லாம் நல்ல மார்க்குதான்."