சோறு கடைசியில் வந்தது

எழுபதுகளின் நடுவில், அரிசிப் பஞ்சத்தில், பஸ்ஸில் இரண்டு கொத்து அரிசி கொண்டுபோனால் பொலிஸ்காரர் இறக்கி வைத்துக்கொண்ட காலத்தில், நான் ஜப்பானுக்குப் போனேன். பசியைப் பற்றிப் பேசுவதற்கு. பேசுகிறவர் எங்கள் தொழிற்சங்கத் தலைவர், நான் மொழிபெயர்ப்பாளன். அவர் தமிழில் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்வேன். அதை அங்குள்ள பேராசிரியர் ஒருவர் ஜப்பானிய மொழியில் சொல்வார். மலைநாட்டுப் பசி இப்படி இரண்டு கை மாறி, நன்றாக ஆறிப்போய்த்தான் அவர்களிடம் போய்ச் சேரும்.

கேட்கப் போனது ஒரு வேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளி கொண்டுபோக. கொழுந்துக்கு லொறி உண்டு, ஆளுக்குக் கிடையாது. ஆளைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடக்க வேண்டும். என் மதினியை முதல் பிரசவத்துக்கு அப்படித்தான் தூக்கினார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்து வழியிலேயே போய்விட்டது. நான் பயணம் புறப்பட்டபோது அவள் மறுபடி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று, கடைக்குப் போகிறவனிடம் தேங்காய் சொல்லிவிடுவது போல, "வேனோட வந்துருங்க தம்பி" என்றாள்.

பதுளை நூலகத்தில் ஜப்பானைப் பற்றி இருந்த ஒரே புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனேன். அதில் எரிமலைகள் மட்டுமே இருந்தன. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசி நாள், எங்களை அழைத்திருந்த ஜப்பானியத் தொழிற்சங்கத்துப் பெரியவர் எங்களுக்கு விருந்து வைத்தார். அது முடிந்ததும் வேனைப் பற்றிய முடிவைச் சொல்வார் என்று பேராசிரியர் என் காதில் போட்டுவிட்டார். பழைய மரவீடு. கதவெல்லாம் காகிதம். நாற்காலி இல்லை. மங்கலான விளக்கு. தலைவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"என்னப்பா, கரண்டுக்குக்கூட வழியில்ல போலயே."

"இங்க இதுதான் அழகாம், தலைவரே."

"அழகா? நம்ம லயம் இதவிட வெளிச்சமாச்சே."

முதல் தட்டு வந்தது. ஒரு பெரிய தட்டில் ஒரு சிவப்பு இலை. இலைமேல் ஒரு துண்டுக் கிழங்கு. அடுத்தது ஒரு கிண்ணம் வெந்நீர். அடியில் ஒரு காளான். மூன்றாவதாகப் பச்சை மீன். தலைவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வேகலியே. விறகுக்கும் பஞ்சமா?"

நாலாவது கிண்ணத்தில் ஒரு விரிசல். அதைத் தங்கப்பூச்சால் ஒட்டியிருந்தார்கள். உடைந்ததை அப்படி ஒட்டி வைத்துக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை என்று பேராசிரியர் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். தலைவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெகுநேரம் பார்த்தார்.

"பாவம்ப்பா. புதுசு வாங்கக் கையில இல்ல. அத வெளிய சொல்ல மானம் விடல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு காலியாக இருந்ததால் அது தொண்டையோடு நின்றுவிட்டது. ஊரில் செவ்வாயும் வெள்ளியும் கடையில் சோறு விற்கக் கூடாது என்று சட்டம். அன்று வெள்ளிக்கிழமை. சோறு வரவில்லை. இங்கேயும் அதே சட்டம்தான் என்று தலைவர் முடிவுகட்டிவிட்டார். கூப்பனும் கியூவுமாகவே வாழ்ந்தவனுக்குச் சின்னத் தட்டைக் காட்டினால் கலை தெரியாது. பங்கீட்டுக் கடைதான் தெரியும்.

ஆறாவது தட்டில் இறால் வந்தது, மீசையை ஆட்டிக்கொண்டு. தலைவர் அதைத் தொடவில்லை. தட்டைத் தூக்கிப் பெரியவர் முன்னால் வைத்தார். தம் மீனையும் வைத்தார். கேட்காமலே என் மீனையும் எடுத்து வைத்தார். பிறகு எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. மேதினக் கூட்டத்தில் வருகிற கலக்கம் அல்ல. அதை எனக்கு நன்றாகத் தெரியும். இது நிஜம்.

"இவங்ககிட்ட சொல்லு. ஒங்க நெலமை எங்களுக்குத் தெரியாமப் போச்சு. நீங்களே இப்புடி இருக்கையில ஒங்ககிட்ட வேன் கேக்கறது பாவம். எங்களுக்கு வேணாம். ஒங்க புள்ளைகளுக்கு மொதல்ல சோறு போடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மதினியின் வயிறுதான் கண்ணில் நின்றது.

"இப்படி ஒரு விருந்தை வாழ்நாளில் கண்டதில்லை என்கிறார்," என்று இங்கிலீஷில் சொன்னேன். "அந்த வேன் கிடைத்தால் எங்கள் பெண்கள் பிழைப்பார்கள் என்கிறார்."

தலைவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பெரியவரின் வயிற்றைத் தொட்டார், தம் வயிற்றைத் தட்டினார், கையை விரித்தார், தட்டுகளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். என் இங்கிலீஷ் அந்தக் கைகளுக்கு முன்னால் நிற்கவில்லை. பேராசிரியர் எதையோ மெதுவாகச் சொன்னார். பெரியவர் தம் முன்னால் குவிந்த தட்டுகளைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து சோறு வந்தது. கறுப்பு மரத்தொட்டி நிறைய, வெள்ளைவெளேரென்று, ஆவி பறக்க. சோற்றைக் கடைசியில்தான் கொண்டுவருவார்களாம்.

"அடப்பாவிகளா!" என்றார் தலைவர். "இத ஒளிச்சு வச்சிக்கிட்டா எலையக் காட்டுனீங்க?"

இதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. தலைவர் உட்கார்ந்து, குச்சிகளை ஒதுக்கிவிட்டுக் கையைப் போட்டார். நானும் போட்டேன். எத்தனை கிண்ணம் என்று நான் எண்ணவில்லை. பரிமாறிய அம்மாள் எண்ணியிருப்பாள். பக்கத்திலிருந்தவர்கள் தங்கள் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊமைப் பாஷையை அவர்களும் சரியாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள்.

பெரியவர் குனிந்து வணங்கிச் சொன்னார்: "உங்கள் மக்களுக்கு உண்மையில் எது தேவை என்பதை இன்றுதான் கண்ணால் கண்டோம். கட்டாயம் அனுப்புகிறோம்."

வேன் வந்த மாதிரிதான் என்று நான் மடுல்சீமைக்குத் தந்தி கொடுத்தேன்.

மதினிக்கு வலி கண்ட வாரம் பதுளை ரயில் ஸ்டேஷனுக்கு ஜப்பானிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே கரண்டில் சோறு ஆக்கும் பானை. நூறு பேருக்கு ஆக்கலாம் என்று படம் போட்டிருந்தது. மதினியை அதே கம்பளியில் தூக்கி வந்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை இல்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, மடுல்சீமை பஸ் வரும்வரை அண்ணனும் அவளும் சங்க ஆபீசில் உட்கார்ந்திருந்தார்கள். நன்றி தெரிவிக்கப் பானையோடு படம் எடுத்து அனுப்ப வேண்டுமென்று தலைவர் படக்காரரைக் கூட்டிவந்தார்.

"தோட்டத்துப் பொம்பள ஒருத்தி பக்கத்துல நின்னா எடுப்பா இருக்கும்."

"தலைவரே, இவங்க இப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து..."

"தெரியும்ப்பா. அதுக்காக இன்னொருத்தியத் தேடி நமுனுகுலைத் தோட்டத்துக்கா போறது?"

மதினி எழுந்து வந்தாள். காலையில் வேலைக்குப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் எழுந்துவரும் பழக்கம். பானையின் மூடியைக் கையில் கொடுத்தார்கள்.

"இது என்னா தம்பி?"

"சோறாக்குற பானை. கரண்டுல."

"லயத்துல ஏது கரண்டு?"

அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஆளத் தூக்கிட்டுப் போக முடியாதில்ல?" என்றாள். கேலியாகச் சொன்னாளா, கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கொஞ்சம் சிரிங்க" என்றார் படக்காரர். சிரித்தாள்.

படத்தின் பின்னால், எங்கள் தாய்மார்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னார் தலைவர். எழுதினேன். ஒரு பிழை இல்லை.