கறுப்பு பீருக்கு என்ன எடை?

போன வருஷம் ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற சாலையில், அவிநாசிபாளையம் பக்கத்தில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையில்தான் அது நடந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக பீர் குடித்தேன். அதுவும் ஆபீசில். அதுவும் முதலாளி முன்னாடி! இப்போது நினைத்தாலும் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்தே வருகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து, செக்கிங்கில் சேர்ந்து, மெல்ல மெல்ல மெர்ச்சண்டைசர் ஆனவள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, அதை நிட்டிங்காரர், சாயக்காரர், தையல்காரர் என்று எல்லோரிடமும் கெஞ்சியும் மிரட்டியும் செய்ய வைத்து, சரக்கு கப்பல் ஏறும் வரை நிம்மதியாகச் சாப்பிடாமல் இருப்பதுதான் அந்த வேலை.

அப்போது அமெரிக்க ஆர்டர்கள் வரிசையாக நின்றுபோயிருந்தன. எங்கள் கம்பெனியில் இரண்டு தையல் லைன். இரண்டாவது லைனில் பாதி மெஷின்கள் உறை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இந்த ஐரோப்பாக்காரர் ஆர்டரும் கெடைக்கலீன்னா ரெண்டாவது லைனை நிறுத்தீர வேண்டியதுதானுங்க அம்மிணி. வேற வழி தெரியலீங்க" என்று சொல்லிவிட்டார். அந்த லைனில் தைக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள். நானே பஸ் ஏற்றிக் கூட்டி வந்து சேர்த்துவிட்டவர்களும் உண்டு. தினமும் டீ நேரத்தில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் என்ன சொல்வது?

அந்த ஐரோப்பாக்காரர் எங்களிடம் முன்பே சரக்கு வாங்கின பையர், பல ஊர்களில் பீர் கடை நடத்துகிறவர். உலகத்தில் இருக்கிற பீரெல்லாம் அவர் கடையில் கிடைக்குமாம். அதில் ஐந்து நாட்டு பீர் ஆறைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ-ஷர்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார். மேலே எழுத்து, படம் எதுவும் கூடாது. நிறத்தைப் பார்த்தாலும் துணியைத் தொட்டாலும் அது எந்த பீர் என்று அவருடைய வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிட வேண்டும். எந்தத் துணி, எவ்வளவு கனம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று எழுதி, ஆறு பீரின் போட்டோவை அனுப்பியிருந்தார்.

எனக்குப் பிடித்திருந்தது இந்த வேலை. நானும் எங்கள் ஃபேப்ரிக் மேனேஜரும் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிவு செய்தோம். வெளிர் மஞ்சளில் இருந்த ஜப்பான் பீருக்கு மெல்லிசுத் துணி. பொன் நிறத்தில் இருந்த மற்றவற்றுக்கு நடுத்தரம். சிவப்பாக இருந்ததற்குக் கொஞ்சம் கூட. கறுப்பாக இருந்த அயர்லாந்து பீருக்கு, குளிருக்குப் போடுகிற, உள்பக்கம் பஞ்சு எழுப்பின கனத்த ஃப்ளீஸ். கோடைச் சரக்கு என்றால் வெளிர் நிறம், மெல்லிசு. குளிர்காலச் சரக்கு என்றால் அடர்ந்த நிறம், கனம். இந்த ஊரில் பனியன் தொழில் செய்கிற எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய கணக்கு இது. நெட்டில் தேடிப் படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தேடினேன். படத்தைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிட்ட மாதிரி இருந்ததால், எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை!

அவர் வந்தார். அறுபது வயது இருக்கும், சிரித்த முகம். ஆறு டீ-ஷர்ட்டையும் மேஜையில் பரப்பினோம். நிறத்தைப் பார்த்து அப்படியே கை தட்டிவிட்டார். சாயம் போட்ட எங்கள் டையிங் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். அப்புறம் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கினார். கசக்கினார். கறுப்பைத் தூக்கியதும் அவர் முகம் மாறியது. இந்த ஆறு பீரில் எதையாவது உங்களில் யாராவது குடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். அப்படியானால் கனத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?

நான் உண்மையைச் சொன்னேன். "நிறத்தைப் பார்த்துதான் சார்."

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிறம் நூற்றுக்கு நூறு, கனம் பூஜ்யம், இப்படியே என்றால் என்னால் வாங்க முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இரண்டாவது லைன் கண் முன்னால் வந்து நின்றது.

பிறகு அவர் தன் சூட்கேஸைத் திறந்தார். உள்ளே, அதற்கு முந்தின வருஷம் நாங்கள் தைத்து அனுப்பிய எங்கள் பனியன்களிலேயே சுற்றி, ஆறு பீரும் இருந்தன! முதலாளிக்குப் பரிசாகக் கொண்டு வந்தாராம். இப்போதே குளிர வையுங்கள், ருசித்துப் பார்த்துவிட்டுத் துணியைத் தேர்ந்தெடுங்கள், நாளைக்கு நான் கிளம்புகிறேன் என்றார். பேன்ட்ரி ஃப்ரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அவை போய் உட்கார்ந்தன.

இங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. பாட்டில்கள் குளிர்ந்து மேஜைக்கு வந்ததும், அறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் திடீரென்று மகான்கள் ஆகிவிட்டார்கள். டையிங் மாஸ்டர் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நமக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க" என்றார். ஃபேப்ரிக் மேனேஜர் அதற்கும் மேலே போய், வாசனையே ஆகாதுங்க என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எங்கே நிற்பார் என்பது தாராபுரம் ரோட்டுக்கே தெரியும். முதலாளியோ, "நம்மூட்ல இதெல்லாம் ஆகாதுங்க" என்று சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டார். இந்த ஊர் வழக்கம் அப்படி. முதலாளி முன்னால் வேலைக்காரர் குடிக்க மாட்டார். வேலைக்காரர் முன்னால் முதலாளியும் குடிக்க மாட்டார். பையர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "நான் குடிச்சுப் பாக்குறேன் சார்" என்றேன்.

முதலாளி சாமி படத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். சாராய வாடை என்றாலே குமட்டுகிறவள் நான். எங்கள் தெருவில் சம்பள நாளன்று எந்தெந்த வீட்டில் சட்டி உருளும் என்று சின்ன வயசிலேயே எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் அந்தப் பெண்களுடைய முகங்களைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

டீ கிளாஸ் ஒன்றை எடுத்து வைத்தேன். பையர் சொல்லிக் கொடுத்தார். முதலில் மோந்து பார். அப்புறம் ஒரு வாய். உடனே விழுங்காதே. அது நாக்கில் எவ்வளவு கனமாக உட்காருகிறது என்று மட்டும் கவனி. அதே நினைப்போடு போய்த் துணியைத் தொடு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய ரொட்டி வேண்டும் என்றார். ரொட்டிக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாங்கின பொரி இருந்தது. முதலாளி திடுக்கிட்டார். "சாமிக்கு வெச்ச பொரிங்க அது…" என்று இழுத்தவர், அவரே, "செரி, சாமிக்கும் ஆர்டர் வேணுமில்லீங்க" என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

முதலில் செக் நாட்டு பீர். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். வேப்பம்பூ ரசம்! சத்தியமாக அதே கசப்பு. பின்னாலேயே லேசான தித்திப்பு. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் நான் மயங்கி விழப் போகிறேன் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே குதூகலம். இதிலா இவ்வளவு விஷயம் இருக்கிறது?

ஜெர்மனிக்காரர்களின் கோதுமை பீரை மோந்ததும் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாழைப்பழ வாசனை, கூடவே கிராம்பு. யாரும் அதில் பழம் போடவில்லையாம், அதுவாகவே வருமாம். "வாழப்பழம் மணக்குது சார்!" என்று நான் கத்தியதில் முதலாளிக்கே அடக்க முடியவில்லை. "கொஞ்சமா ஊத்துங்க, பாத்துர்லாம்" என்று கிளாஸை நீட்டினார். ஒரு வாய் குடித்தார். "ஏனுங்க, நாம ஜெர்மனி துணி ஃபேருக்குப் போனப்ப குடிச்ச அதே…" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நாங்கள் பட்ட பாடு!

பெல்ஜியத்தின் பொன் நிற பீரில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. பார்க்க ஆப்பிள் ஜூஸ் மாதிரி அவ்வளவு தெளிவு. நடுத்தரத் துணி கொடுத்திருந்தோம். வாயில் வைத்தால் தேன் மாதிரி அடர்த்தி, தொண்டையில் இறங்கும்போது சூடு. சாம்பிள் துணிகள் அடுக்கியிருந்த ரேக்குக்குப் போய் ஒவ்வொரு துணியாகத் தொட்டேன். மெல்லிசுத் துணியில் விரல் நிற்கவே இல்லை. கடைசியில் கனமான லூப்நிட்டில் போய் நின்றது. இதுதான் சார் என்றேன். பையர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதே நாட்டின் சிவப்பு பீர் ஒரே புளிப்பு. நன்றாகப் புளித்த கம்மங்கூழ்த் தண்ணியில் செர்ரிப் பழத்தைப் பிசைந்த மாதிரி. டையிங் மாஸ்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பழக்கத்துக்கு இல்லீங்க, நெறத்துக்காகப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், சுருக்கென்று விரலில் படுகிற பிக்கே துணியை நோக்கிக் கை நீட்டினோம். ஜப்பான் பீர் மட்டும்தான் நாங்கள் முதலில் கொடுத்த மெல்லிசுத் துணியிலேயே நின்றது. அரிசி சேர்த்துக் காய்ச்சுவார்களாம். குடித்ததும் மறந்துபோகிற அளவுக்கு லேசு.

மிச்சம் கறுப்பு. அதை நானே ஊற்றினேன். நுரை பொங்கி மேஜை முழுக்க வழிந்தது. அவ்வளவு நேரம் மூக்கைப் பொத்தியிருந்த ஃபேப்ரிக் மேனேஜர், "ஐயோ வீணாப் போகுதுங்களே" என்று பாய்ந்து வந்து, கிளாஸைப் பிடுங்கிச் சாய்த்து, ஓரமாக இறக்கி, மேலே ஒரு விரல் நுரை நிற்கிற மாதிரி அவ்வளவு அழகாக ஊற்றிக் கொடுத்தார். பழக்கமில்லாத கையா அது? முதலாளி அவரையே பார்த்தார். "யூடியூப்ல பாத்தேனுங்க" என்றார் இவர். இந்தத் தடவை எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். முதலாளிதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கறுப்பை வாயில் வைத்தேன். தார் மாதிரி இருக்கும், தொண்டையை அடைக்கும் என்று தயாராக இருந்தேன். அது இல்லவே இல்லை. கடுங்காப்பி வாசனை, மேலே பால் ஆடை மாதிரி மெத்தென்று நுரை. அதற்குக் கீழே கனமே இல்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு வாய் குடித்தேன். மறுபடியும் அதேதான். பார்வைக்கு எல்லாவற்றிலும் கனமாக இருந்தது, நாக்குக்கு இவ்வளவு லேசு! ஃப்ளீஸ் இருந்த பக்கமே நான் போகவில்லை. மெல்லிசான, வழுவழுப்பான இன்டர்லாக்கை உருவி எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துணியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் முதலாளி பக்கம் திரும்பி, நூல் புக் பண்ணுங்கள் என்றார். ஆர்டர் உறுதி என்பதற்கு இந்த ஊரில் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. முதலாளி எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மாடிப்படி இறங்குவதற்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். ஜப்பான் பீரும் இருந்ததா என்று மட்டும் கேட்டார். அது அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. இரண்டாவது லைனில் கழுத்துப் பட்டி தைக்கிற ஒரு பெண், என் ஊர்க்காரி. அவள் புருஷன் குடித்தே வேலையை இழந்தவர். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

ஆர்டர் ஓடத் தொடங்கியபோது அவள் மெஷினில் அந்தக் கறுப்பு டீ-ஷர்ட்தான் இருந்தது. நான் பக்கத்தில் போனதும் மெஷினை நிறுத்தினாள். "எக்கா, நீங்க குடிச்சீகளாமே. அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. பல வருஷமாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் மறைக்காமல் சொன்னேன். வேப்பம்பூ, வாழைப்பழம், கிராம்பு, காப்பி வாசனை, நாக்கில் எது எவ்வளவு நேரம் நின்றது என்று எல்லாவற்றையும். துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு இதுல ஒண்ணுகூடச் சொன்னதில்லக்கா. குடிப்பாரு, விழுவாரு, அவ்வளவுதான்" என்றாள். அப்புறம், "அப்ப இத்தனை வருசத்துல அந்த மனுசன் ஒரு நாளுகூட ருசி பாத்ததே இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமலே துணியை இழுத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். குடியின் மேல் எனக்கிருந்த வெறுப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சாப்பாடோ, வேலையோ, எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷரோ, எதையும் ருசி பார்க்காமலே விழுங்கிவிட்டு எனக்கு அது தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேனே என்று அவள் கேள்வி இன்னமும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது.