கோழியை ஏசும் பெண்

எங்கள் ரப்பர் தோட்டத்து மாதர் சங்கத்தில் தனிநடிப்புக்கு என் பெயரைக் கொடுத்தது நான் இல்லை. சங்கத்துப் பிள்ளைதான் எழுதிக்கொண்டு வந்தாள். "வயசானவங்கள்ல ஒருத்தராவது வேணும். ஞாயித்துக்கெழம மேடையில நீங்கதாம்மா."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள்.

"பயப்படாதீங்க. தெனமும் பார்க்குற ஒருத்தர எடுங்க. அவங்க எப்படி நிக்கிறாங்க, எப்படிப் பேசுறாங்க, அத அப்படியே செஞ்சு காட்டுங்க."

தினமும் பார்க்கிற ஆள் என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் என் நாத்தனார்தான். லயத்துக்குப் பின்னால் நிற்கும் பலா மரத்தால் சண்டை வந்து, ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் ஏசாத நாளும் இல்லை. என் பெயரைச் சொல்ல மாட்டாள், தன் கோழியைப் பார்த்து ஏசுவாள்.

"ஏ பிஸ்ஸு புடிச்ச பைத்தியக் கோழி! அடுத்தவ பலாக்காயத் தின்னுபுட்டு வாயத் தொறக்குதா பாரு!"

கோழிக்கு அது விளங்காது, எனக்கு விளங்கும். திருப்பி ஏச என்னிடம் கோழி இல்லை. இருந்தாலும் வாய் வராது.

அவளையே எடுத்தேன். எடுத்த பிறகு சோறு இறங்கவில்லை. அவள் வந்து முன்னால் உட்கார்ந்து பார்த்தால்? விறகு பொறுக்கும்போதும் அதே யோசனை.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அதனால் முணுமுணுத்தே பழகினேன். பிள்ளை அதைப் போனில் பதிந்து போட்டுக் காட்டினாள். தகரத்தில் மழை விழுவது கேட்டது, என் குரல் கேட்கவில்லை.

"வேற ஆளப் போடவாம்மா?"

"வேணாம்" என்றேன். எனக்கு மேடை ஏற ஆசை இருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம், அவள் குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்துச் சத்தமாக ஏசிப் பார்த்தேன். முடித்த கையோடு சுவருக்கு மேலால் அவள் குரல் வந்தது.

"ஏ கோழி! நான் என்னைக்கு இப்படி இழுத்து இழுத்து ஏசினேன்? இடுப்புல கைய வையி! வெடுக்குன்னு சொல்லு! ஏசக்கூடத் தெரியல, மூதேவி!"

வெளியே எட்டிப் பார்த்தேன். கோழி என் வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்து இடுப்பில் கையை வைத்து இன்னொரு தரம் ஏசினேன். குரல் வந்தது. அந்தப் பக்கம் அவளுக்குக் கோபமா, சிரிப்பா? அன்றைக்கெல்லாம் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்வரிசையில்தான் இருந்தாள், மடியில் எதையோ முந்தானையால் மூடிக்கொண்டு. நான் மேடை ஏறியதும் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். அதற்குள் முந்தானையை விலக்கிக் கோழியை என் கையில் திணித்தாள்.

"கோழி இல்லாம யார ஏசப் போறீங்க, மதினி?"

கோழி படபடவென்று அடித்தது. ஒரு கையால் அதை இறுக்கிக்கொண்டு, மற்றக் கையை இடுப்பில் வைத்தேன்.