அத்தை அடக்கிய தெரு

எங்கள் குடும்பத்தில் குரல் என்றால் அது அத்தையின் குரல்தான். அப்பாவின் தங்கை, நகரப் பேருந்தில் பல வருடம் நடத்துநர். பின்படியில் நின்று அவர் "உள்ளே தள்ளுங்க" என்றால் ஓட்டுநரும் சேர்ந்து நகர்ந்து உட்காருவார் என்று அப்பா கேலி செய்வார். அந்தத் தடம் நின்றதும் வேலையும் நின்றது. சில மாதம் கழித்து, சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவரை எடுத்திருக்கிறார்கள் என்று நான் வந்து சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

எங்களுடையது பெரிய நகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. படம் எடுப்பவர்கள் இதன் வழியாகப் போவார்கள், நிற்க மாட்டார்கள். அவர்களை நிற்கவைக்க மாநகராட்சி ஓர் அறையைத் திறந்து, படப்பிடிப்பு உதவி மையம் என்று பலகை மாட்டியது. நான் அங்கே ஒப்பந்த ஊழியர். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அங்கே என்ன செய்கிறாள் என்று உறவுக்காரர்கள் கேட்டால் எனக்கே சரியாகச் சொல்ல வராது. அத்தையின் வேலை மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. காமிரா ஓடும்போது தெரு வாயைத் திறக்கக் கூடாது.

அவர் அதை எப்படிச் சாதிக்கிறார் என்று பார்க்கவே பின்னால் போவேன். "சத்தம் போடாதீங்க" என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, சத்தம் வராத ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வருவார்.

"மெஷினை அப்புறம் ஓட்டலாம் அண்ணே, இப்ப பொத்தான் தைங்க," என்பார் தையல்காரரிடம். டயர் கடைக்காரரிடம், "தட்டுறதை நிறுத்திட்டுக் கொஞ்சம் துடைங்களேன். கடை பாக்கச் சகிக்கல." குரைக்கும் நாய் இருந்தால் அதைத் தானே கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்துவிடுவார்.

எளிதில் மசியாதவர் ஒருவர்தான். மாடி வீட்டு அக்கா. பால்கனியில் நின்றபடி தெரு முழுவதோடும் பேசுகிறவர். தெரு அவருக்கு வைத்த பெயர் வானொலி. அவரைப் பேசாமல் இருக்கவைக்க அத்தை ஒவ்வொரு முறையும் ஒரு கூடைத் துணியை மடிக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஒரு நெடுந்தொடர்க் குழு வந்தது. எங்கள் தெருவையும் வேறொரு நகரத்தின் தெருவையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இங்கே வந்தால் அறை நிலைக்கும், அத்தையின் வேலையும் நிலைக்கும். போய்விட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான் என்று மையத்தின் மேலாளர் சொல்லிவிட்டார்.

"மறுபடி வீட்டுல உக்காந்து சுவரைப் பாத்துட்டிருக்க என்னால முடியாதுடி," என்றார் அத்தை. அவர் மெதுவாகப் பேசினால் எனக்குப் பயமாக இருக்கும்.

தெருவைச் சோதிக்க வந்த குழுவின் ஒலிப்பதிவாளர் மைக்கை நீளமான தாங்கியில் நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். தெரு மூச்சுக்கூட விடவில்லை.

"இவ்வளவு அமைதியான தெருவை நான் கேட்டதே இல்ல," என்றார். அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் ஒலிப்பதிவாளர் முடிக்கவில்லை. "இப்ப தெருவோட சத்தம் வேணும். ஆளுங்க பேசுறது, வேலை செய்யறது. அதைக் கேட்டுட்டுத்தான் இயக்குநர் முடிவு பண்ணுவார்."

அத்தை திரும்பவும் வாசல் வாசலாகப் போனார். பழக்கம் விடவில்லை. அமைதியைப் பங்கு போட்ட மாதிரியே சத்தத்தையும் பங்கு போட்டார். ஒருவர் சத்தம் இன்னொருவரை முழுங்கிவிடக் கூடாதே என்று வரிசையும் வைத்தார். தையல் மெஷின் ஓடி நின்றது. பிறகு டயர் கடைச் சுத்தியல். அது முடிந்ததும் ஒரு மோட்டார் சைக்கிள், மிகவும் மரியாதையாக.

"ஏங்க இப்படி ஒவ்வொருத்தரா வர்றாங்க?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"சேர்ந்து செய்யுங்க!" என்று அத்தை கத்தினார். சேர்ந்து செய்தார்கள். விபத்து நடந்த மாதிரி இருந்தது. அதற்கு நடுவில் மாடி வீட்டு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, தாங்கள் நலமா?" என்றார்.

"நலமே, சகோதரி," என்றார் தையல்காரர். வாழ்நாளில் அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டதில்லை.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கு."

அத்தை டயர் கடை வாசலில் கவிழ்ந்து கிடந்த வாளிமேல் உட்கார்ந்தார். "போதும், முடிஞ்சுது! எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க," என்று தெருவுக்குச் சொன்னார். என்னிடம், "போச்சுடி," என்றார்.

தெரு சட்டென்று தளர்ந்தது. கத்தரிக்கோல் துணியில் ஓடியது, யாரோ பாத்திரம் உருட்டினார்கள். வண்டியருகே போன ஒலிப்பதிவாளர் ஏதோ தோன்றி ஹெட்போனை மறுபடி காதில் வைத்தார். மைக் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அசையாதே என்று எனக்குச் சைகை காட்டி, ஒரு பக்கத்தை என் காதுக்கு நீட்டினார்.

"பஸ்ஸை விட்டு இறங்கினவ விசிலை விடல பாரேன்," என்று மாடி வீட்டு அக்காவின் குரல். "நம்ம வீட்டுல நாம தும்மறதுக்கு இவகிட்ட டிக்கெட் வாங்கணும்."

"மெதுவா பேசுங்க, கீழதான் உக்காந்திருக்கு அந்தம்மா," என்றார் தையல்காரர்.

"உக்காரட்டும். முகத்தைப் பாரேன். பாவம். வேலை போயிடுமோ என்னவோ. போயிட்டா என் துணியை யாரு மடிக்கச் சொல்லுவா?"

ஒலிப்பதிவாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுதாங்க வேணும்! இதேதான்!" அத்தையைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். அத்தை கடைசிவரை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மேலாளர் வந்து, "பிரமாதம், உடனே அனுப்பிடுங்க," என்றார்.

"சொல்லாம அனுப்பக் கூடாது சார்," என்றார் அத்தை. "முடிஞ்சுதுன்னு சொன்னது நான். அதை நம்பித்தான் வாயைத் திறந்தாங்க."

"சொன்னா வேணாம்னுடுவாங்கம்மா. திரும்ப எடுத்தா திரும்ப நாடகம்தான். உங்க வேலைதான் போகும், யோசிச்சுக்கோங்க."

"என் வேலைதானே சார்," என்று சொல்லிவிட்டு அத்தை மாடிப் படியில் ஏறினார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, நீங்க இப்ப பேசினதெல்லாம் மெஷின்ல விழுந்திருக்கு."

"எது?"

"விசிலு, டிக்கெட்டு. எல்லாம்."

மாடி வீட்டு அக்கா பால்கனிக் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுமா படியேறி வந்திருக்க?"

"உங்க குரலாச்சே. வேணாம்னா அழிக்கச் சொல்லிடறேன்."

"அழிச்சா?"

"அவங்க வேற ஊருக்குப் போவாங்க."

"அப்ப நீ?"

அத்தை கொடியில் கிடந்த ஒரு துணியை எடுத்து மடித்தார். அந்தக் குரல் வராமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான் கேக்கணும்," என்று மாடி வீட்டு அக்கா கீழே இறங்கி வந்தார். ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார்.

"நான் இப்படியா பேசறேன்?"

"இதைவிடச் சத்தமா," என்றார் கடை வாசலிலிருந்து தையல்காரர்.

மாடி வீட்டு அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒலிப்பதிவாளரிடம் சொன்னார்: "தம்பி, 'பாவம்'னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதை மட்டும் எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும். அவ ஒண்ணும் பாவம் இல்ல."

ஒலிப்பதிவாளர் எங்கள் கண் முன்னாலேயே அந்தச் சொல்லை வெட்டினார். மற்றவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் அத்தை பதிவை அனுப்பவிட்டார். அடுத்த மாதம் படக்குழுவின் வண்டிகள் எங்கள் தெருவில் வந்து நின்றன. பலகை கழற்றப்படவில்லை.

தொடரில் அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சொல் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. உற்றுக் கேட்டால், "முகத்தைப் பாரேன்" என்பதற்குப் பிறகு மாடி வீட்டு அக்கா ஒரு முறை மூச்சு விடுகிறார். அவ்வளவுதான்.